இது யாருடைய செய்தி? தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேர், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேர் என உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இணையச் செய்தித் தளம் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சில காலம் வேலை பார்த்தவள் நான். இப்போது வெளியே இருந்து படிக்கிறேன். உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. இணையத்தில் செய்தி வெளியிடும் நிறுவனம் எதுவானாலும், அதன் உரிமையாளர் யார், அவருக்கு வேறு என்னென்ன தொழில்கள், எந்தக் கட்சியோடு உறவு, அரசு விளம்பரமாக ஆண்டுக்கு எவ்வளவு பணம் வருகிறது என்ற விவரங்களை வாசகரின் கண்ணில் படும்படி தன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும்.

அச்சு இதழ்களுக்கு இப்படி ஒரு கடமை பல பத்தாண்டுகள் இருந்துவந்தது. மார்ச் மாதத்து இதழ்களில் ஏதோ ஒரு பக்கத்தின் மூலையில் 'படிவம் 4' என்று ஒரு சிறு கட்டம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியிடும் இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளிவருகிறது, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், அவர்கள் எந்த நாட்டவர், முகவரி என்ன என்று வரிசையாக இருக்கும். கடைசி வரியில் உரிமையாளரின் பெயரும், மொத்த மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்களின் பெயர்களும் இருக்கும். மேலே சொன்னவை தாம் அறிந்தவரை உண்மை என்று வெளியிடுபவர் அதன் கீழே கையொப்பம் இட்டிருப்பார். 1956-ஆம் ஆண்டின் செய்தித்தாள் பதிவு விதிகள் கேட்ட கட்டம் அது. சில நூறு பிரதி போடும் சிற்றிதழும் அதை அச்சிட்டது, லட்சக்கணக்கில் விற்கும் நாளிதழும் அச்சிட்டது. பெரும்பாலோர் அதைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். ஆனாலும், தேவைப்படுகிறவர் தேடினால் கிடைக்கும் இடத்தில் அந்தப் பெயர்கள் இருந்தன.

உரிமையாளர் யாரென்று தெரிந்துகொண்டு செய்தி கேட்கும் பழக்கம் தமிழ்நாட்டு மக்களுக்குப் புதிதல்ல. 1993-இல் சன் டிவி வந்தது. ஜெயா டிவி வந்தது. பாமகவுக்கு மக்கள் தொலைக்காட்சி, தேமுதிகவுக்கு கேப்டன் டிவி, காங்கிரஸ்காரரான வசந்தகுமாருக்கு வசந்த் டிவி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையில் நின்றுபோனதும் அதிமுகவுக்காக 2018-இல் நியூஸ் ஜெ வந்தது. இதில் எதையும் யாரும் மறைக்கவில்லை. 'சன்ல அப்படித்தான் சொல்லுவான், ஜெயால என்ன சொல்றான்னு பாப்போம்' என்று ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்திவிட்டு, இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே இருக்கும் என்று தானே ஒரு முடிவுக்கு வருகிற பெரியவர் எல்லா ஊர் டீக்கடையிலும் இருந்தார். அவர் பத்திரிகையியல் படித்தவர் இல்லை. சொல்கிறவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு கழித்துக் கேட்க வேண்டும் என்பதும் அதனால் தெரிந்திருந்தது.

கைப்பேசியில் அவரால் அதைச் செய்ய முடியவில்லை. அவருடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நியூஸ் கார்டு வந்து விழுகிறது. மேலே ஒரு லோகோ, நடுவில் ஒரு தலைவரின் படம், கீழே சிவப்புப் பட்டையில் இரண்டு வரி. லோகோவில் இருக்கும் பெயரை அவர் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெயரைத் தேடி இணையதளத்துக்குப் போய் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தால், நடுநிலை, துணிச்சல், மக்களின் குரல் என்று நான்கு வரி இருக்கும். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் இருக்கும். யார் நடத்துகிறார்கள் என்பது இருக்காது. எந்த ஊரிலிருந்து நடத்துகிறார்கள் என்பதுகூடப் பல தளங்களில் இருக்காது. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு முளைத்து, வாக்கு எண்ணி முடித்ததும் ஓய்ந்துவிடும் பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரிந்தும் இருக்கலாம். வாசகருக்குத் தெரியாது.

இணையம் வந்ததால் குரல்கள் பெருகிவிட்டன என்று நாடாளுமன்றத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பெயர்கள் பெருகியிருப்பது உண்மைதான். குரல்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இதை ஒரு இணைய டெஸ்க்கின் காலை ஷிப்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். உதவி ஆசிரியரின் திரையில் ஒரு பக்கம் செய்தி முகமை அனுப்பும் ஆங்கிலச் செய்திகள் ஓடும். இன்னொரு பக்கம் கூகுளில் அந்த நேரத்தில் அதிகம் தேடப்படும் சொற்கள். மூன்றாவதாக, போட்டித் தளங்கள் என்ன போட்டிருக்கின்றன என்ற பட்டியல். முகமைச் செய்தியை எடுத்து, மொழிபெயர்த்து, தேடுபொறிக்கு ஏற்றாற்போல் தலைப்பு வைத்து, படம் சேர்த்து வெளியிட வேண்டும். உடனே அடுத்தது. ஒரு ஷிப்டில் இத்தனை செய்தி என்று கணக்கு உண்டு. நேரில் போய், நான்கு பேரிடம் பேசி எழுதும் செய்திக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. ஆகவே ஒரே முகமையின் ஒரே பத்தி, பத்துத் தளங்களில் பத்துத் தலைப்புகளில் வருகிறது. வாசகர் பத்து இடத்தில் படித்துவிட்டதால் அது உறுதியான செய்தி என்று நம்புகிறார்.

அப்படியானால் முகமையை யார் வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. பிடிஐ, செய்தித்தாள் நிறுவனங்கள் சேர்ந்து பங்கு வைத்திருக்கும் முகமை. ஐஏஎன்எஸ் முகமையின் பெரும்பான்மைப் பங்கை 2023 டிசம்பரில் அதானி குழுமம் வாங்கியது. அரசின் பிரசார் பாரதியோ, 2023-இல் ஆர்எஸ்எஸ் ஆதரவு பெற்ற இந்துஸ்தான் சமாச்சாருடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. துறைமுகமும் விமான நிலையமும் மின் நிலையமும் நடத்தும் குழுமம் ஒரு செய்தி முகமையை வாங்கக் கூடாது என்று இன்றைய சட்டத்தில் எதுவும் இல்லை. நானும் இந்த மடலில் அதைக் கேட்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றி ஒரு தமிழ்த் தளத்தில் செய்தி வந்தால், அது எந்த முகமையிலிருந்து வந்தது, அந்த முகமை யாருடையது, அந்தத் துறைமுகம் யாருடையது என்ற மூன்றையும் பழவேற்காட்டு மீனவர் ஒருவர் தன் கைப்பேசியிலேயே தெரிந்துகொள்ள முடிய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

என்டிடிவி கை மாறிய கதை இதை எல்லாவற்றையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. அதை நிறுவிய பிரணாய் ராய், ராதிகா ராய் தம்பதியின் ஆர்ஆர்பிஆர் என்ற நிறுவனம் 2009-10-இல் விசிபிஎல் என்ற, யாரும் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்திடம் 403.85 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கியது. கடனுக்கு ஈடாக, எப்போது வேண்டுமானாலும் ஆர்ஆர்பிஆரின் ஏறக்குறைய மொத்தப் பங்கையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையை எழுதிக்கொடுத்தது. விசிபிஎல்லுக்கு அந்தப் பணம் வந்த வழி ரிலையன்ஸ் குழுமத்தோடு தொடர்புடையது. 2022 ஆகஸ்ட் 23 அன்று அதானி குழுமம் விசிபிஎல்லை வாங்கிவிட்டதாக அறிவித்தது. அந்தப் பழைய உரிமையைப் பயன்படுத்தியதும் என்டிடிவியின் 29.18 சதவீதப் பங்கு அதன் கைக்கு வந்தது. எங்களிடம் கேட்கவுமில்லை, எங்கள் ஒப்புதலைப் பெறவுமில்லை என்றது என்டிடிவி. நவம்பர் இறுதியில் ராய் தம்பதி ஆர்ஆர்பிஆர் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள், மறுநாள் அதன் முன்னணிச் செய்தியாளர் ரவீஷ் குமார் வேலையை விட்டார். டிசம்பர் முடிவதற்குள் நிறுவனர்கள் தங்கள் பங்கில் பெரும்பகுதியை விற்றுவிட, அதானி குழுமத்தின் பங்கு 64 சதவீதத்தைத் தாண்டியது.

இதில் என்னை உறுத்துவது 2022-இல் நடந்தது மட்டுமல்ல. 2009-க்கும் 2022-க்கும் இடையிலான 13 ஆண்டுகள்தான் அதிகம் உறுத்துகின்றன. அத்தனை காலமும் அந்த நிறுவனத்தின் சாவி வேறொருவர் கையில் இருந்தது. பங்குச் சந்தையை உற்றுக் கவனிப்பவர்களுக்கும் அதன் ஒழுங்குமுறை அமைப்பான செபியின் உத்தரவுகளைப் படிப்பவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. மாலையில் அந்தச் சேனலைப் போட்டுப் பார்த்தவர்களில், அதன் இணையதளத்தைத் திறந்து படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, செபியின் கண்காணிப்பில் இருக்கும், நாடறிந்த ஒரு நிறுவனத்திலேயே இந்த நிலை என்றால், திருநெல்வேலியிலோ சேலத்திலோ பெயர் தெரியாத ஒருவர் பணம் போட்டு நடத்தும் தளத்தைப் பற்றி வாசகர் எப்படித் தெரிந்துகொள்வார்? இதற்கு முன்பே, 2014-இல், நெட்வொர்க்18 ரிலையன்ஸின் கைக்குப் போனது. மணிகண்ட்ரோலும் ஃபர்ஸ்ட்போஸ்ட்டும் நியூஸ்18-இன் தமிழ்த் தளமும் அந்தக் குடையின் கீழ்தான் இருக்கின்றன.

டெல்லியையும் மும்பையையும் மட்டும் குறை சொல்லிவிட்டு இந்த மடலை முடித்தால் அது நியாயமாகாது. நம் ஊருக்கும் வருகிறேன். 2005-இல் தினகரன் நாளிதழ் சன் குழுமத்தின் கைக்கு வந்தது. 2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று அதில் ஒரு கருத்துக்கணிப்பு வெளியானது. அன்றைக்கே மதுரை அலுவலகம் தாக்கப்பட்டது, தீ வைக்கப்பட்டது, மூன்று ஊழியர்கள் செத்துப்போனார்கள். சன் குழும உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவரும் மத்திய அமைச்சராக இருந்தவருமான தயாநிதி மாறன் அந்த மாதமே பதவி விலகினார். நான்கு மாதத்தில் கலைஞர் டிவி வந்தது. 2019-இல்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உரிமையாளர் குடும்பத்துக்குள் நடந்த சண்டையில், அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த மூன்று பேர் உயிரை விட்டார்கள். ஊடகத்தின் உரிமை என்பது கணக்காளர்களுக்கான விஷயம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்சித் தொலைக்காட்சிகளையாவது மக்களுக்குத் தெரியும். கட்சி சாராதவை என்று நாம் கருதும் சேனல்களின் பின்னால் இருக்கும் தொழில்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2011-இல் வந்த புதிய தலைமுறை, எஸ்ஆர்எம் கல்விக் குழுமத்தைச் சேர்ந்தது. அக்குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் 2019-இல் பெரம்பலூரில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார், 2024-இல் அதே தொகுதியில் பாஜக கூட்டணியில் நின்றார். தாது மணல் அள்ள 2013-இல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. அடுத்த ஆண்டு ஒளிபரப்பைத் தொடங்கிய நியூஸ் 7 தமிழ், அந்தத் தொழிலில் பெரிய பெயரான வி.வி. மினரல் குழுமத்தோடு தொடர்புடையது. இவற்றில் வேலை பார்த்தவர்களில் நல்ல செய்தியாளர்கள் பலர், அவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. தனியார் பொறியியல் கல்லூரிக் கட்டணம் பற்றியோ கடற்கரை மணல் பற்றியோ ஒரு செய்தி வரும்போது, அல்லது வராதபோது, இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும் உரிமை வாசகருக்கு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

வராத செய்தியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். உரிமையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு இதைப் போடாதே என்று சொல்வார் என்பது வெளியில் இருப்பவர்களின் கற்பனை. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மாவட்ட நிருபர், நீர்நிலைப் புறம்போக்கில் எழும்பிய ஒரு கட்டடத்தைப் பற்றி வருவாய்த் துறை ஆவணங்களோடு செய்தி அனுப்பினார். அ-பதிவேட்டின் நகல், கிராம வரைபடம், பழைய கண்மாயின் கரை தெரியும் படம் எல்லாம் இருந்தன. கட்டடம் எங்கள் உரிமையாளருடையதும் இல்லை, அவருக்குத் தொழில் முறையில் வேண்டிய ஒருவருடையது. செய்தி 'ஹோல்ட்' பட்டியலுக்குப் போனது. யாரும் அதை நிராகரிக்கவில்லை. கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வாரத்தில் அது பழைய செய்தியாகிவிட்டது. அந்த நிருபர் பிறகு அப்படி எதையும் அனுப்பவில்லை, கோயில் திருவிழாவும் விபத்தும் மனுநீதி நாளும் அனுப்பினார். அவருக்கு யாரும் எதையும் தடை செய்யவில்லை. எதை அனுப்பினால் வரும், எதை அனுப்பினால் வராது என்று அவரே கற்றுக்கொண்டார். டெஸ்க்கில் இருந்த நாங்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

இணையச் செய்திக்குச் சட்டமே இல்லை என்பதல்ல பிரச்சினை. இருக்கிற சட்டங்கள் எல்லாம் அரசை நோக்கித் திரும்பியிருக்கின்றன, வாசகரை நோக்கி ஒன்றுகூட இல்லை. 2019-இல் மத்திய அரசு டிஜிட்டல் செய்தி நிறுவனங்களில் அந்நிய முதலீட்டுக்கு 26 சதவீதம் என்று வரம்பு போட்டது. 2020 நவம்பரில் ஹஃப்போஸ்ட் இந்தியா மூடப்பட்டதற்கு அந்த வரம்பு ஒரு காரணம். அதன் தாய் நிறுவனத்தை வாங்கிய பஸ்ஃபீடால் இந்தியப் பதிப்பை வைத்துக்கொள்ள முடியவில்லை. பிபிசி தமிழும் இதற்காகவே வடிவம் மாறியது. பிபிசி ஊழியர்கள் நால்வர் வெளியேறித் தொடங்கிய கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற இந்திய நிறுவனம்தான் 2024 ஏப்ரல் முதல் பிபிசிக்காகத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிச் செய்திகளைத் தயாரித்துத் தருகிறது. உரிமையாளர் யார் என்பது செய்தியைப் பாதிக்கும் என்பதை அரசு ஒப்புக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அயல்நாட்டு உரிமையாளரைப் பற்றி மட்டுமே அதற்குக் கவலை. உள்நாட்டு உரிமையாளர் எத்தனை தளங்களை வாங்கினாலும் அதற்கு வரம்பும் இல்லை, வாசகருக்கு அறிவிப்பும் இல்லை.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்கள் தங்கள் நிறுவன விவரங்களைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தும் வருகிறார்கள். அந்த விவரங்கள் அமைச்சகத்தின் கோப்பில் இருக்கின்றன. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதில் டிஜிட்டல் செய்தி சேர்க்கப்படவில்லை. விளைவு என்னவென்றால், ஒரு செய்தித் தளம் யாருடையது என்பது அதை முடக்கும் அதிகாரம் உள்ள அமைச்சகத்துக்குத் தெரிகிறது. அதைப் படிக்கிறவருக்குத் தெரியவில்லை.

முடக்கும் அதிகாரம் என்று சும்மா சொல்லவில்லை. 2025 பிப்ரவரி 15 மாலையிலிருந்து விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. பிரதமர் மோடி கைவிலங்கோடு ட்ரம்ப்பின் பக்கத்தில் அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் டிஜிட்டல் இதழில் வந்த கார்ட்டூன்தான் காரணம். முன்னறிவிப்பு இல்லை. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும் முடங்கியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கண்டித்தார். விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கார்ட்டூன் இருக்கும் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6 அன்று நீதிமன்றம் சொன்னது. 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தன் ஆசிரியர் சிறை போவதைப் பார்த்த நிறுவனம் அது, எனவே போராடத் தெரிந்திருந்தது. சுரங்க உரிமமோ சாலை ஒப்பந்தமோ அரசின் கையில் காத்திருக்கும் ஓர் உரிமையாளர், ஒரு கார்ட்டூனுக்காக நீதிமன்றப் படி ஏறுவாரா? முடக்கும் அதிகாரமும் உரிமையாளரின் மற்ற தொழில்களும் இந்த இடத்தில்தான் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன. தளத்தை முடக்கத் தேவையே வராது. கார்ட்டூனே வரையப்படாது.

நான் கேட்பது புதிய யோசனை இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்ட் 12 அன்று ஊடக உரிமை பற்றி விரிவான பரிந்துரைகளை அளித்தது. அரசியல் கட்சிகளும் அரசு அமைப்புகளும் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது, ஒரே சந்தையில் அச்சையும் தொலைக்காட்சியையும் ஒருவரே ஆக்கிரமிக்கக் கூடாது, உரிமை விவரங்கள் பொதுவெளிக்கு வர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கருத்துப் பன்மையை அளக்க அன்று அது எடுத்துக்கொண்டது அச்சையும் தொலைக்காட்சியையும் மட்டுமே. இணையத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அரசு அந்தப் பரிந்துரைகளை எடுத்துக்கொள்ளவில்லை. 2022 ஏப்ரலில் டிராய் மறுபடியும் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகும் சட்டம் எதுவும் வரவில்லை. அந்தப் பரிந்துரைகள் உங்களில் பலருடைய கட்சித் தலைமைகளின், சிலருடைய குடும்பங்களின் தொலைக்காட்சிகளையும் தொடும் என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் தடையைக் கேட்காமல், வெளிப்படைத்தன்மையை மட்டும் கேட்கிறேன். கட்சிக்குத் தளம் இருக்கட்டும், தொழிலதிபருக்கு இருக்கட்டும், மடத்துக்கும் இருக்கட்டும். பெயரை எழுதிவைக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் செய்துவிட்டது. 2024-இல் அது நிறைவேற்றிய ஊடகச் சுதந்திரச் சட்டம் 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. செய்தி நிறுவனங்கள் தங்கள் நேரடி உரிமையாளர்களின் பெயர்களையும், பின்னால் இருக்கும் உண்மையான பயனாளிகளின் பெயர்களையும், அரசு விளம்பரமாக ஓராண்டில் கிடைத்த மொத்தத் தொகையையும் மக்கள் எளிதில் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. அரசு விளம்பரத் தொகை என்பது முக்கியம். மத்திய அரசின் விளம்பரம் மத்திய மக்கள் தொடர்பகம் வழியாகவும், மாநில அரசின் விளம்பரம் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகவும் போகிறது. அதை நம்பிச் சம்பளம் கொடுக்கும் தளத்துக்கு, கொடுக்கும் அரசும் ஒரு வகையில் உரிமையாளர்தான்.

ஒரு பயம் எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் உரிம முறை வந்துவிடக் கூடாது. 2023 நவம்பரில் வெளியான ஒலிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவும், 2024-இல் சிலரிடம் மட்டும் சுற்றுக்கு விடப்பட்ட அதன் மறு வடிவமும் தனியாக யூடியூபில் செய்தி சொல்பவர்களையும் அரசின் பிடிக்குள் கொண்டுவரும் என்ற அச்சத்தை எழுப்பின. எதிர்ப்புக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் அந்தப் பிரதிகளைத் திரும்பப் பெற்றார்கள். எனவே நான் கேட்கும் சட்டத்தில் பதிவு வேண்டாம், உரிமம் வேண்டாம், அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டாம். தன் ஊர் ஏரியைப் பற்றிக் கைப்பேசியில் காணொளி போடும் இளைஞரை இதில் இழுக்க வேண்டாம். நிறுவனமாக இயங்கி, சம்பளம் கொடுத்து, விளம்பரம் வாங்கும் தளங்களுக்கும் சேனல்களுக்கும் மட்டும் இது பொருந்தட்டும். விவரத்தைத் தங்கள் பக்கத்தில் தாங்களே வெளியிட வேண்டும், மாறினால் உடனே திருத்த வேண்டும், பொய் சொன்னால் நீதிமன்றம் அபராதம் விதிக்க வேண்டும். எந்த அதிகாரியின் மேசைக்கும் இது போகத் தேவையில்லை.

எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு சட்டம் கொண்டுவர முடியுமா என்று கேட்பீர்கள். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அரிது என்பதும், 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 2015 ஏப்ரல் 24 அன்று திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் நிறைவேற்றிக் காட்டியவர் உங்களில் ஒருவரான திருச்சி சிவா. அதன் பிறகுதான் அரசு தன் சொந்த மசோதாவோடு வர வேண்டியதாயிற்று. நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் வழக்குப் பயமின்றி வெளியிட வழிவகுத்த 1956-ஆம் ஆண்டுச் சட்டமும், ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதாவாகப் பிறந்ததுதான். தனிநபர் மசோதாக்களுக்கென்று வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள் ஒதுக்கப்படுகின்றன. அதில் ஒன்றை இதற்குக் கொடுங்கள். மசோதா தோற்றாலும், அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அவைக்குறிப்பில் ஏறும். தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழுவில் இருப்பவர்கள், டிராயின் 2014 பரிந்துரைகள் என்ன ஆயின என்று அமைச்சகத்திடம் எழுத்தில் பதில் கேட்கலாம்.

மசோதா வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. உங்கள் கட்சிக்கும், உங்கள் குடும்பத்துக்கும், உங்கள் கட்சியின் ஐ.டி. விங்குக்கும் சொந்தமான, அல்லது அவற்றின் பணத்தில் நடக்கும் செய்தித் தளங்களும் யூடியூப் சேனல்களும் எவை என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தொடர் தொடங்குவதற்குள் அவற்றின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் உரிமையாளரின் பெயரையும் பணம் வரும் வழியையும் எழுதச் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டு, அந்தப் பக்கங்களின் பட்டியலோடு அவையில் எழுந்து, மற்றவர்களிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி